முனியாண்டி அண்ணன் கையில் கோளாறு இல்லை

குமரேசன், முனியாண்டி அண்ணனின் கை சரியில்லை என்று நீங்கள் அபாண்டமாகச் சொன்னீர்கள். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில், எல்லாரும் படிக்கும்படி சொன்னீர்கள். நீங்கள் எனக்கு பாஸ்தான். ஆனாலும் அது பொய்.

மாசாய் அடுக்குமாடியில் இருக்கும் அண்ணன், பாசிர் கூடாங் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். தொண்டையில் ஆபரேஷன் நடந்து குரல் போய்விட்டது. திரையில் விரலால் எழுதிப் பேச உதவும் எங்கள் ஆப்பைப் போட்டு, ஒரு டேப்லெட்டைச் சோதனைக்காக அவரிடம் கொடுத்திருந்தோம். அவர் எழுதுவது எதுவும் புரியவில்லை என்று அவர் மனைவி சரசா அக்கா புகார் செய்தார். டேப்லெட்டைத் திருப்பி வாங்கி வர என்னை அனுப்பினீர்கள்.

நான் போனபோது வீட்டில் சண்டை. அவர் எழுதுகிறார், அக்கா தப்பாக ஊகிக்கிறார், அவர் மேசையைத் தட்டுகிறார். திரையில் உடைந்த கண்ணாடி மாதிரி கோணல் கோடுகள். உங்களுக்குப் போன் போட்டேன். மெதுவாக எழுதச் சொல் என்றீர்கள். ஸ்பீக்கரில் அதைக் கேட்ட அக்கா, "குரல் இருந்தப்பவே இவரு மெதுவா பேசினதில்ல லா" என்றார். அண்ணன் சத்தமே இல்லாமல் சிரித்தார். அதைப் பார்த்த பிறகு டேப்லெட்டைப் பிடுங்கிக்கொண்டு வர எனக்கு மனம் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். விரல் வேகமாக நகரும்போது ஆண்ட்ராய்டு ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாகத் தராது. பல புள்ளிகளைச் சேர்த்து ஒரே மூவ் ஈவென்ட்டாக, அதாவது ஒரே நகர்வுத் தகவலாகத் தரும். கடைசிப் புள்ளி நேரடியாகக் கிடைக்கும். இடையில் வந்தவை அந்த ஈவென்ட்டின் ஹிஸ்டரி என்ற பட்டியலில் கிடக்கும். எங்கள் புரோகிராம் கடைசிப் புள்ளியை மட்டும் எடுத்துக் கோடு போட்டது. அதனால் வளைவெல்லாம் வெட்டுப்பட்டது.

ஆபீசில் ஏன் தெரியவில்லை? நாங்கள் எல்லாரும் தமிழர்கள்தான். ஆனால் சோதிக்கும்போது ஆளாளுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'ஹாய்' என்று எழுதிப் பார்த்தோம். அதில் எல்லாம் நேர்க்கோடு. அண்ணன் எழுதுவது தமிழ். ஞ, ண எல்லாம் சுழி.

ஹிஸ்டரியில் இருந்த புள்ளிகளை வரிசையாக எடுத்து வரைந்து, கடைசிப் புள்ளியில் முடிக்கும்படி மாற்றினேன். டேப்லெட்டை அண்ணனிடம் நீட்டினேன். அதே வேகத்தில் எழுதினார்.

'கஞ்சில உப்பு இல்ல. அதத்தான் சொல்லிட்டு இருக்கேன்.'

அக்கா இரண்டு தடவை படித்தார்.

"அலமாக், ஐயோ, இதுக்கா மேசைய தட்டினீங்க?"

டேப்லெட்டை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இத அழிச்சிடாதீங்க தங்கச்சி."

திருத்தத்தை அன்றே உங்களுக்கு அனுப்பினேன். 'ஓகே' என்று எனக்கு மட்டும் தனியாகப் பதில் வந்தது. குரூப்பில் அண்ணன் கையைப் பற்றி நீங்கள் எழுதியது அப்படியே நிற்கிறது.

ஆப் யார் கைக்குப் போகிறதோ, அவர் மொழியில், அவர் வேகத்தில் சோதிக்க வேண்டும். நான் கற்றது இவ்வளவுதான். இப்போது நீங்கள் சொல்லுங்கள், குமரேசன். எனக்குத் தனியாக வேண்டாம். அதே குரூப்பில், எல்லாரும் படிக்கும்படி சொல்லுங்கள். கோளாறு அண்ணன் கையிலா, நம் புரோகிராமிலா?