பச்சை இலை போட்ட பாட்டிலுடன் எம்.ரெட்டியபட்டிக்கு

எங்கள் குடியிருப்பில் பருப்புப் பொட்டலம் முதல் பினாயில் வரை எல்லாவற்றிலும் ‘ஆர்கானிக்’, ‘நேச்சுரல்’ என்று எழுதியிருக்கிறது. இந்தச் சொற்களுக்கு விளக்கம் எழுதித் தருவதாகக் குடியிருப்போர் சங்கத்திடம் ஒப்புக்கொண்டேன். அதற்காகவே பொங்கல் கழிந்த வாரம் எம்.ரெட்டியபட்டிக்குப் போனேன். நாங்கள் வாங்கும் குதிரைவாலியை விளைவிக்கும் சரோஜா போனில் வரச் சொல்லியிருந்தார்.

மதுரையில் காலை ஏழு மணி பஸ். காரியாபட்டி வழியாக அருப்புக்கோட்டைக்கு ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். வெறுங்கையுடன் போகக் கூடாதே என்று, பச்சை இலைப் படம் போட்ட ‘நேச்சுரல்’ பூச்சிவிரட்டி ஒரு லிட்டர் வாங்கிப் போயிருந்தேன். சரோஜா அதைப் படித்துப் பார்க்காமல், மரியாதைக்கு வாங்கி, விதை இருக்கும் தகரக் கொட்டகையில் வைத்தார்.

அன்று அவர் காட்டில், அதாவது மானாவாரி நிலத்தில், சோதனை. ரசாயனம் போடாமல் மூன்று வருடம் கடந்தால்தான் விளைச்சலை ஆர்கானிக் என்று விற்கலாம். அதுவரை அதன் பெயர் ‘மாறுகால விளைச்சல்’, விலையும் குறைவு. இங்கே சோதிக்க அதிகாரி வருவதில்லை. சான்றுக்காகச் சேர்ந்த குழுவில் உள்ள ஐந்து சம்சாரிகள், அதாவது விவசாயிகள், ஒருவர் காட்டை ஒருவர் பார்க்கிறார்கள். சரோஜாவுக்கு இது கடைசிச் சோதனை.

குழுவில் ஒருவர் அவருடைய கொழுந்தன் முத்துவேல். வரப்பு, குப்பைக்குழி எல்லாம் பார்த்துவிட்டுக் கொட்டகைக்குள் போனவர், பாட்டிலோடு வெளியே வந்தார்.

“மதினி, இது யாரு வச்சது?”

நான் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இப்போதுதான்.

“சார், பின்னாடி படிச்சீகளா?”

“முன்னால் இலை இருந்தது,” என்றேன்.

பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு ரசாயனத்தின் பெயர் இருந்தது. நான் விளக்க வந்த சொற்களில் ‘நேச்சுரல்’ இப்படித் தெளிவாயிற்று.

“மூடி தொறக்கலப்பா,” என்றார் குழுவில் இன்னொருவர்.

“தொறக்காட்டி என்ன? விதைகிட்ட இருந்திருக்குல்ல. போன வருசம் எங்க கொட்டகையில பழைய மருந்து டப்பா கெடந்ததுக்கு மதினி என்னைய விட்டாகளா?”

சரோஜா சிரித்துவிட்டார். “விடலதான். சோதனையத் தள்ளி வைங்க.”

நான் மன்றாடினேன். பொறுமையாகக் கேட்டார்கள், முடிவை மாற்றவில்லை. சோதனை அடுத்த வெள்ளாமைக்குப் போனது. விலை வித்தியாசத்தை நானே தருகிறேன் என்றேன்.

“கொழுந்தனுக்கு ஒரு நாயம், எனக்கு ஒரு நாயமா சார்? மூஞ்சியத் தொங்கப் போடாம சாப்புட்டுப் போங்க,” என்றார் சரோஜா.

குதிரைவாலிச் சோறு. மறுசோறும் போட்டார். தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

கிளம்பும்போது முத்துவேல் பாட்டிலை நீட்டினார். “இத ஊத்த எங்க ஊருல எடமில்ல சார்.” பஸ்ஸில் அதை மடியில் வைத்து, இலைப் படத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: தை மாதம் நல்லது. தண்ணீர் கொண்டு போங்கள், வேறெதுவும் வேண்டாம். கடையில் ‘மாறுகால விளைச்சல்’ என்ற பொட்டலத்தைப் பார்த்தால் மட்டம் என்று ஒதுக்காதீர்கள். அந்தக் காட்டில் ரசாயனம் விழுந்திருக்காது. என்னைப் போல ஒரு விருந்தாளி வந்து போயிருக்கலாம்.