என் இடத்தைப் பறிக்க வந்த பழைய வண்டி

என் பேத்தி அந்தச் செய்தியைச் சொன்னபோது என் வாயில் ரொட்டி சானாய் இருந்தது. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"பாட்டி, என் காடிய மாத்தப் போறேன்."

"மாத்து. பச்சை கலர்ல வாங்கு. செவப்பைப் பாத்துப் பாத்து கண்ணு எரியுது."

"புதுசு இல்ல பாட்டி, பழசு. அம்மாவ விட வயசு கூடின காடி."

சிரிப்பாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊரில் காருக்குக் காடி என்று பேர். அவளுடைய சிவப்பு வண்டியைப் பற்றிச் சொன்னால்தான் என் அதிர்ச்சி உங்களுக்குப் புரியும். அது ஸ்போர்ட்ஸ் கார். கூரையை மடித்து உள்ளே வைத்துவிடலாம். தரையோடு தரையாகக் கிடக்கும். அதில் உட்காருவது என்று சொல்லக் கூடாது, விழ வேண்டும். இறங்கும்போது பேத்தி என் இரண்டு கையையும் பிடித்து, கிணற்றிலிருந்து வாளியை இழுப்பது போல இழுப்பாள். ஆனால் அந்த வண்டியின் பெரிய சிறப்பு வேறு. அதில் இரண்டே இடம். ஒன்று அவளுக்கு, இன்னொன்று எனக்கு.

பேத்தி பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இஞ்சினியர். வாரம் முழுதும் கடல்மேல் கட்டிய இரண்டாவது பாலத்தைக் கடந்து வேலைக்குப் போய் வருவாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் வண்டி என்னுடையது. கூரையைத் திறந்துவிட்டு, என் தலைக்கு ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, தண்ணீர்மலை முருகனைப் பார்க்கப் போவோம். வழியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாம் என்னைப் பார்ப்பார்கள். நான் அவர்களைப் பார்க்க மாட்டேன். நடிகைகள் அப்படித்தான் செய்வார்கள்.

என் மருமகள், அதாவது பேத்தியின் அம்மா, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். "நானும் வரேன்" என்று அவளால் சொல்ல முடியாது. எங்கே உட்காருவாள்? ஒரு வண்டியில் மருமகளுக்கு இடமே இல்லாமல் செய்தானே, அந்த ஜப்பான்காரன் கை நன்றாக இருக்கட்டும் என்று நான் எத்தனையோ தடவை வாழ்த்தியிருக்கிறேன்.

இப்போது அந்த வண்டியைக் கொடுத்துவிட்டு, பழசை வாங்கப் போகிறாளாம்.

பழைய வண்டி ஆயர் ஈத்தாமில் ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், இருந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். பால் கோப்பி நிறம், உருண்டைக் கண், தடித்த உடம்பு. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத் திண்டில் சாய்ந்த செட்டியார் மாதிரி கொட்டகைக்குள் நின்றது. தவுக்கேக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். அவருடைய அப்பாவின் கிட்டங்கியில் தமிழ் ஆட்களோடு வளர்ந்தவர் என்பதால் பாதி தமிழும் பாதி மலாயும் பேசினார்.

"இது எங்க அப்பா புதுசா வாங்கின காடி, ஆச்சி. அப்ப அடிச்ச பெயின்ட் இன்னும் அப்படியே இருக்கு. ஒரு வாட்டி கூட மறு பெயின்ட் அடிக்கல. அதுதான் இதுக்கு உயிர்."

சொல்லிக்கொண்டே மெல்லிய துணியால் வண்டியின் நெற்றியைத் துடைத்தார். ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. கையால் விரட்டினால் கீறிவிடும் என்று வாயால் ஊதி அனுப்பினார்.

"அவ்வளவு ஆசையா இருக்கீங்க, அப்புறம் ஏன் தவுக்கே குடுக்குறீங்க?"

அவர் என் பேத்தியின் சிவப்பு வண்டியைப் பார்த்தார். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை பார்க்கிற பார்வை.

"சின்ன வயசுலேர்ந்து இத தொடைச்சுக்கிட்டே இருக்கேன். அப்பா வேகமா ஓட்ட விடல. அப்பா போனப்புறம் எனக்கே மனசு வரல. சாகறதுக்குள்ள ஒரு தடவ கூரையத் தொறந்துட்டுப் போகணும் லா, ஆச்சி."

மேலே போட வேண்டாம், கீழே வாங்க வேண்டாம், வண்டிக்கு வண்டி. அதுவும் உடனே இல்லை. வியாழன் முதல் ஞாயிறு வரை ஆளுக்கு ஆள் மாற்றி ஓட்டிப் பார்ப்பது, ஞாயிறு காலை முடிவு சொல்வது என்று ஏற்பாடு. கிழவர் பறக்க ஆசைப்படுகிறார், குமரி ஊர்ந்து போக ஆசைப்படுகிறாள். உலகம் தலைகீழாகிவிட்டதா, இல்லை நான் தலைகீழாக நிற்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நான் பழைய வண்டியின் பின்கதவைத் திறந்து பார்த்தேன். பின்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். எனக்கு எல்லாம் கண்முன் தெரிந்துவிட்டது. முன்னால் என் மருமகள். பின்னால் என் மகன் ஒரு ஓரம், மருமகளின் தங்கை மறு ஓரம். நடுவில் நான், மடியில் அர்ச்சனைத் தட்டோடு.

வீட்டுக்கு வந்ததும் என் வேலையை ஆரம்பித்தேன். "ஏர்கான் இல்லடி. கண்ணாடிய கையால சுத்தணும், அரைக்கிற மாதிரி. உள்ள பாச்சை உருண்டை வாசம். யாராச்சும் செத்துருப்பாங்க அதுல."

"யாரும் சாகல பாட்டி."

"சாகாம இருப்பாங்களா அவ்வளவு வருஷமா? கண்டிப்பா ஒருத்தராவது செத்துருப்பாங்க."

அந்த வெள்ளிக்கிழமை பழைய வண்டியில்தான் தண்ணீர்மலைக்குப் போனோம்; இன்னும் இரவல் வண்டிதானே என்று மற்றவர்கள் ஏறவில்லை. பிரசாதமாகச் சந்தனமும் குங்குமமும் கொடுத்தார்கள். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு முருகனிடம் நேராகவே பேசினேன். 'இந்த வண்டி எங்க வீட்டில் நிலைக்கக் கூடாது. நிலைக்காவிட்டால் தைப்பூசத்துக்கு உனக்கு ஒரு சாக்குத் தேங்காய் உடைக்கிறேன்.' முருகன் சிரித்த மாதிரிதான் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் பேத்தி என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு பத்து மாவுங் என்ற கடலோர ஊருக்குப் போனாள். அங்கிருந்து பார்த்தால் இரண்டாவது பாலம் கடலுக்கு மேல் நீண்டு போவது தெரியும். வண்டியை நிழலில் நிறுத்தினாள். இறங்கவில்லை.

"ஏன் பாட்டி இந்தக் காடிய உங்களுக்குப் புடிக்கல?"

"எனக்குப் புடிக்கிறது இருக்கட்டும். உனக்கு ஏன் அந்தச் செவப்பு புடிக்காமப் போச்சு? அதச் சொல்லு மொதல்ல."

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம, காலையில வேலைக்குக் கூப்பிட்டாங்க. பாலத்துல ஒரு காடி இல்ல. மிதிச்சேன். மிதிச்சுக்கிட்டே போனேன். வேக முள்ளு எங்க போச்சுன்னு கூட பாக்கல. திடீர்னு முன்னால ஒரு மோட்டர் சைக்கிள். ஓட்டுற ஆளு, பின்னால ஒரு மலாய்க்கார அக்கா. எப்ப வந்தாங்கன்னே தெரியல. பிரேக்க அமுக்கினேன். அந்த அக்கா தலையில சுத்தியிருந்த தூடோங்ல பூப் போட்டிருந்துச்சு பாட்டி. ஊதாப் பூ, நடுவுல மஞ்சப் புள்ளி. அந்தப் புள்ளி தெரியிற அளவுக்குக் கிட்ட போயிட்டேன்."

"பட்டுடுச்சா?"

"படல. அவங்க திரும்பிக்கூட பாக்கல. போயிட்டாங்க."

"அப்பாடா. அப்புறம் என்னடி?"

"அப்புறம்தான் பயமே." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அவ்வளவு நடுங்கினேன்ல? அடுத்த வாரம் பாலம் காலியா இருந்துச்சு. மறுபடியும் மிதிச்சேன். மெதுவா போன்னு நான் சொல்றேன், கால் கேக்க மாட்டேங்குது. அந்தக் காடில உக்காந்தா நான் வேற ஆளாயிடுறேன் பாட்டி. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

எனக்குச் சாவு வீட்டில்கூட ஒரு கேலி வாயில் தயாராக இருக்கும். அன்று தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. அந்தச் சிவப்பு வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் வெரசா போ, அந்த வெள்ளைக் காடிய முந்து" என்று எத்தனை வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கிறேன்! முகம் தெரியாத அந்தப் பெண்ணின் ஊதாப் பூ என் கண்ணுக்குள்ளேயே நின்றது. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாத்திடு" என்றேன். "நாளைக்கே மாத்திடு."

மனசுக்குள் முருகனையும் கூப்பிட்டேன். 'நேற்றுச் சொன்னதை அழித்துவிடு. இந்த வண்டி எங்களுக்கு நிலைக்க வேண்டும். இரண்டு சாக்கு.'

அன்று சாயங்காலம் பேத்தி வீட்டில் எல்லோரிடமும் மாற்றப் போவதாகச் சொல்லிவிட்டாள். என் மருமகளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. தனக்கும் இடம் இருக்கிற வண்டி அல்லவா! வீட்டுக்குப் புது வண்டி வந்தால் பூசை போடாமல் நம் ஆட்களுக்குத் தூக்கம் வருமா? ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவள் குளித்துவிட்டு, நான் கொண்டுவந்த பிரசாதச் சந்தனத்தை மஞ்சளோடு குழைத்து, வாசலில் போய் நின்றிருக்கிறாள். பெயின்ட் விஷயத்தை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

நான் வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வண்டியின் நெற்றியில் மூன்று பட்டை, நடுவில் குங்குமம். நான்கு கதவிலும் பொட்டு. பின்னால் டிக்கியிலும் பொட்டு. நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். வெயில் பட்டு எல்லாம் நன்றாகக் காய்ந்து பிடித்திருந்தது.

"நல்லா இருக்கா அத்தே?" என்றாள் மருமகள்.

பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்த பேத்தி, வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டாள். பிறகு ஓடிப்போய் ஈரத்துணி எடுத்து ஒரு கதவின் ஓரத்தில் மெல்ல ஒற்றினாள். பொட்டின் மேல்பாகம் வந்தது. அடியில் மஞ்சள் வட்டம் அப்படியே இருந்தது. பழைய பெயின்ட், மஞ்சளைத் தாய்ப்பால் மாதிரிக் குடித்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துச் சிவப்பு வண்டி வந்து நின்றது. கூரை திறந்திருந்தது. தவுக்கே தலைமுடியெல்லாம் நட்டுக்கொண்டு நிற்க, பள்ளிக்கூடம் விட்ட பையன் மாதிரி சிரித்துக்கொண்டே வண்டிக்குள்ளிருந்து ஊர்ந்து வெளியே வந்தார். நிமிர்ந்தார். பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"ஆச்சி... இது என்னா?"

"வாங்க தவுக்கே!" என்று மருமகள் தட்டோடு முன்னால் போனாள். "உங்களுக்கும் ஆரத்தி எடுக்கட்டுமா?"

அவர் காதில் விழவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒவ்வொரு பொட்டுக்கும் ஒரு வயது கூடியது அவருக்கு. "எங்க அப்பா..." என்றார். சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார்.

"சாரி அங்கிள், சாரி" என்று பேத்தி அழுதாள்.

"மாத்த வேணாம். சாவியக் குடு. நானே தொடைச்சுக்கிறேன், என் காடிய நான் எடுத்துட்டுப் போறேன்."

பேத்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பாலம் முழுதும் தெரிந்தது. சிவப்பு வண்டி வாசலில் திறந்து கிடந்தது. அது இங்கேயே தங்கிவிட்டால் நாளைக் காலை அவள் அதில்தான் வேலைக்குப் போவாள்.

நான் தவுக்கேக்கு முன்னால் போய் நின்றேன்.

"தவுக்கே, தைப்பூசத்துக்குத் தேங்கா ஒடைப்பீங்களா?"

"அதுக்கும் இதுக்கும் என்னா?"

"ஒடைப்பீங்களா, மாட்டீங்களா?"

"வருஷா வருஷம் ஒடைக்கிறேன். எங்க பாட்டி காலத்துலேர்ந்து."

"எந்த சாமிக்கு?"

"தண்ணிமல சாமிக்கு லா."

"இது அந்தத் தண்ணிமலச் சந்தனம். வெள்ளிக்கெழம நான்தான் கையேந்தி வாங்கிட்டு வந்தேன். அழிக்கணும்னா தாராளமா அழிச்சுக்குங்க. உங்க காடி, உங்க கைக்குட்டை. எங்க கை மட்டும் அழிக்காது."

அவர் கைக்குட்டையை நெற்றிப் பட்டைக்குக் கிட்டே கொண்டுபோனார். கை நின்றது. திரும்பிச் சிவப்பு வண்டியைப் பார்த்தார். மறுபடி சந்தனத்தைப் பார்த்தார். சீனத்தில் ஏதோ முணுமுணுத்தார், அவர் பாட்டியிடம் பேசினாரோ, அப்பாவிடம் பேசினாரோ. கடைசியில் கைக்குட்டையை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"சாமி பொட்ட அழிச்சிட்டு ரோட்டுல போறதா? எனக்கு பயம் லா, ஆச்சி. பொட்டோட நீங்களே வச்சுக்குங்க. இன்னொரு வாட்டி கழுவினா மெல்லிசுத் துணி, கேட்டுச்சா?" பிறகு மருமகளிடம் திரும்பி, "அந்தச் செவப்புக்கும் ஒரு பொட்டு வை. பெருசா வை" என்றார்.

மருமகள் ஓடிப்போய் வைத்தாள். சிவப்பு வண்டியின் இன்னொரு சாவியைக் கொடுக்கும் நேரத்தில் பேத்தி அவர் கையை விடவே இல்லை.

"அங்கிள், பாலத்துக்கு மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க. மெதுவா ஓட்டுறேன்னு சொல்லுங்க. சொன்னாத்தான் குடுப்பேன்."

"என் வயசுக்கு வேகமா போனா தொப்பி பறந்துடும், அமோய். மெதுவாத்தான்."

சொன்னபடிதான் செய்கிறார். கர்னி கடலோரத்தில் அவரைப் பார்த்தேன். கூரை திறந்த சிவப்பு வண்டி, பக்கத்தில் அவர் மனைவி குடை பிடித்துக்கொண்டு. பின்னால் பத்து வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை நாங்கள் பழைய வண்டியில் தண்ணீர்மலைக்குக் கிளம்பினோம். நான் பயந்தபடியேதான். முன்னால் பட்டுப்புடவையில் மருமகள். பின்னால் மகன், மருமகளின் தங்கை, நடுவில் தட்டோடு நான். டத்தோ கெராமாட் ரோட்டைத் தாண்டுவதற்குள் இஞ்சின் சூடு முன்னால் இருக்கிறவர் காலுக்குத்தான் வரும் என்பது தெரிந்துவிட்டது. மருமகளின் பவுடர் வழிந்து கழுத்துக்கு வந்தது.

"அத்தே, நீங்க வேணும்னா முன்னால வாங்களேன்."

"நீயே இரும்மா. அந்த எடம் உனக்குத்தான் லட்சணமா இருக்கு."

கேலிக்காக மட்டும் சொல்லவில்லை. பின்னால் நடுவில் உட்கார்ந்தால் இரண்டு தோளுக்கு இடையில் வேக முள் நன்றாகத் தெரிகிறது. எண் படிக்கிற அளவுக்கு நான் படித்திருக்கிறேன். முள் குளிர் காய்ச்சல் வந்த மாதிரி நடுங்கிக்கொண்டு அறுபதுக்குக் கீழேயே நின்றது. அதற்கு மேல் மிதித்தாலும் வண்டி இருமுகிறதே தவிர ஏறவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு மோட்டர் வந்தது. ஓட்டுகிறவர் பின்னால் ஒரு பெண், மடியில் காய்கறிப் பை. எங்களைத் தாண்டிப் போய்விட்டது. பேத்தி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"என்னா பாக்குற? ரோட்டப் பாரு" என்றேன்.

"அய்யோ, மோட்டர் கூட நம்மள முந்திட்டுப் போவுதே" என்றாள் மருமகள், முந்தானையால் விசிறிக்கொண்டே. "மானமே போச்சு அத்தே."

"முந்தட்டும்மா" என்றேன். "நல்லா முந்திப் போகட்டும்."