பஸ்ஸில் போட்ட இரட்டைப் பின்னல்

பல்கலைக்கழகத்தில் சேரக் கிளிநொச்சி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கனகராயன்குளத்தில் ஏறிப் பக்கத்தில் அமர்ந்த ஒல்லியான அக்கா, சால்வை நுனியைப் பின்னுவதும் அவிழ்ப்பதுமாகவே இருந்தார். என் மடியிலிருந்த பல்கலைக்கழக அனுமதிப் பைலைப் பார்த்துவிட்டு, "முதலாம் வருசமோ?" என்றார்.

"ஓம், அக்கா."

"தோட்டைக் கழட்டும். சீனியர்மார் இரட்டைப் பின்னல்தான் கேப்பினம்."

குலுங்கும் பஸ்ஸிலேயே என் தலைமுடியை அவிழ்த்து இறுக்கிப் பின்னிவிட்டார்.

"பேர் கேட்டா நிலத்தைப் பாத்துச் சொல்லும்."

"அழுகை வந்தா?"

அக்கா மறுபடி சால்வை நுனியைப் பின்னத் தொடங்கினார்.

அன்று மத்தியானம் புது மாணவிகளான எங்களை ராகிங்குக்காக மரத்தடியில் வரிசையாக நிறுத்திய சீனியர்களில் அந்த பஸ் அக்காவும் நின்றார். என் பின்னலை இழுத்து, "ஆர் பின்னினது?" என்று அதட்டினார்.

"நான்தான்" என்றேன்.

நிலத்தைப் பார்த்த என் கண்ணுக்கு அவர் கைகள் மட்டும் தெரிந்தன. சால்வை நுனியை அவிழ்த்துக்கொண்டிருந்தன. என்னைவிட அவர்தான் பயந்திருந்தார். யாருக்குப் பயந்து என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.