கேட்டில் இருந்த எண்

அபுதாபி முசஃபாவில் வெல்டராக ஆறு வருடம் ஓட்டிவிட்டேன். தங்கியிருக்கும் கேம்ப்புக்கும் வேலை நடக்கும் சைட்டுக்கும் கம்பெனி பஸ்தான். ஏறியதுமே தூங்கிவிடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், சாப்பிட்டுக்கொண்டிருந்த ரூம்மேட் செல்வம் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆம்புலன்ஸுக்கு போன் போட்டேன்.

“எந்த இடம், பாய்?” என்று இந்தியில் கேட்டார்கள்.

“முசஃபா, லேபர் கேம்ப்.”

“எந்த கேம்ப்?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

“தம்பி, மூச்சு வரலடா...” என்றார் அண்ணன்.

வெறுங்காலோடு ரோட்டுக்கு ஓடினேன். எல்லாக் கட்டடங்களும் ஒரே மாதிரி இருந்தன. எதிரே வந்த பாகிஸ்தானி டிரைவரிடம் போனை நீட்டி அழுதேன். அவர் எங்கள் கேட்டில் இருந்த எண்ணைப் பார்த்துப் போனில் சொன்னார். தினமும் அதன் கீழேதான் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன்.

அண்ணன் பிழைத்துவிட்டார். இப்போது நான் பஸ்ஸில் தூங்குவதில்லை. வழியில் தெரியும் ஒவ்வொரு பலகையையும் வாய்விட்டுப் படிக்கிறேன். “இவனுக்கு என்னாச்சு?” என்று கூட வருபவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.