அப்பா பெயரில் ஒரு காற்றுத் துப்பாக்கி

எண்ணெய் கருகும் வாசனை எங்கிருந்து வந்தாலும் எனக்குப் பசிக்கும். மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்தில், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் அப்பா தம் காற்றுத் துப்பாக்கியின் குழலை மடக்கி, உள்ளேயிருக்கும் ஸ்பிரிங்கை இறுக்கி, முதல் குண்டைச் சுடுவார். உள்ளே போட்ட எண்ணெய் கருகி, குழல் நுனியில் நீலப் புகை ஒரு கீற்று எழும். அதே நேரத்தில் அடுப்பில் கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். என் பசிக்குக் காரணம் அவ்வளவுதான்.

அப்பா தோட்டத்தில் ரப்பர்ப் பால் ஏற்றும் லோரி ஓட்டினார். பாதி ரப்பரை வெட்டிவிட்டுக் கொக்கோ நட்டிருந்த காலம் அது. காய்களை அணில்கள் குடைந்து தின்றதால், தோட்ட மேனேஜர் கடிதம் கொடுத்து அப்பா பெயரில் போலீஸ் லைசென்ஸ் வாங்கித் தந்திருந்தார். லைசென்ஸ்காரரைத் தவிர வேறு யாரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது. அப்பாவோ அதைத் தொடாமல் இருந்த நாளே இல்லை. தோளில் முட்டும் பழைய மரக் கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பலா மரத்தில் புதுக் கட்டை செதுக்கினார்; காற்றை அடைக்கும் தோல் "வாசரை" தம் இடுப்பு வாரிலிருந்து வெட்டி, தையல் மெஷின் எண்ணெயில் இரண்டு நாள் ஊறப்போட்டார்; ஈப்போவில் பழைய இரும்புக் கடை ஒன்றில் தடித்த ஸ்பிரிங் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினார். சுட்டால் தோள் எகிறும். "பவரு பாத்தியா லா!" என்பார். பவர் இருந்தது. அணில்தான் விழவில்லை.

விழவைத்தவர் அம்மா. ரப்பர்ப் பாலுக்காக மரம் வெட்டிக் காய்த்த கை அவருடையது; அந்த முரட்டு ஸ்பிரிங்கையும் ஒரே இழுப்பில் மடக்கிவிடுவார். அப்பா வண்டி ஸ்டீயரிங்கைப் போல் துப்பாக்கியை இறுக்குவார், அம்மா உள்ளங்கையில் சும்மா கிடத்திக்கொள்வார். "இறுக்காதீங்க, அது பாட்டுக்குக் குதிக்கட்டும், அப்பத்தான் குண்டு நேரா போவும்" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அப்பா காதில் ஏறினால்தானே! ஆனால் அணில் வால்களைக் கணக்குக் காட்ட ஆபீஸ் எழுத்தரான கிராணியிடம் கொண்டுபோய்க் கொடுத்து, "அந்தோணி அண்ணன் குறி தப்பாது" என்று பெயர் வாங்கி வந்தவர் அப்பாதான். அம்மா வாய் திறக்கவில்லை. நானும்தான், பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்ள எனக்குத் துப்பாக்கிக்கார அப்பா வேண்டியிருந்தார்.

எனக்குப் பதினொரு வயதில் புது மேனேஜர் வந்தார். "சுட்டுக் காட்டு, அப்புறம் லெட்டர் தாரேன்" என்றுவிட்டார். கடிதம் இல்லையென்றால் லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது, துப்பாக்கி போலீஸ் நிலையத்துக்குப் போய்விடும். சனிக்கிழமை மாலை, தொழிலாளர் வீட்டு வரிசையான லயமே திரண்டு நின்றது. வேலியில் வைத்திருந்த காலிக் கட்டிப்பால் டின்களை நோக்கி அப்பா மூன்று குண்டு சுட்டார். ஒரு டின்கூட அசையவில்லை. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, துப்பாக்கி போகிறதே என்றல்ல, மானம் போகிறதே என்று.

அப்பா திரும்பி, வாசற்படியில் நின்ற அம்மாவிடம் துப்பாக்கியை நீட்டினார்.

"தொரை, லைசென்ஸ்தான் என் பேருல இருக்கு. சுடுறது இவ."

"ஐயையோ, எனக்கென்னங்க தெரியும்!" என்று அம்மா பின்வாங்கினார்.

"புடி லா. வாரது வரட்டும்."

அம்மா சுட்டார். மூன்று குண்டு, மூன்று டின். மேனேஜர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நான் ஒண்ணும் பாக்கல. டின்னு காத்துல விழுந்துருச்சு" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். திங்கட்கிழமை கடிதம் வந்தது.

அப்பாவைத்தான் தோட்டம் சும்மா விடவில்லை. "அண்ணே, எங்க வீட்டுல எலித் தொல்ல, அக்காவக் கொஞ்சம் அனுப்புங்க" என்று கடையில் வைத்தே கேலி பேசினார்கள். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் ரம்பத்தை எடுத்து, அந்தப் பலாக் கட்டையை அம்மாவின் கைநீளத்துக்கு இரண்டு விரற்கடை குறைத்தார். தடித்த ஸ்பிரிங்கைக் கழற்றிப் பழையதையே மாட்டினார். "புடிச்சுப் பாரு" என்று அம்மாவிடம் நீட்டினார்.

இப்போது அங்கே லயமும் இல்லை, கொக்கோவும் இல்லை, கண்ணுக்கெட்டிய வரை எண்ணெய் எடுக்கும் செம்பனை. சென்ற ஆண்டு அப்பாவும் போய்விட்டார். லைசென்ஸ்காரர் இறந்தால் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்பதால், ஈப்போவில் என்னோடு இருக்கும் அம்மாவை அழைத்துக்கொண்டு சுங்கை சிப்புட் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். தாளில் கையெழுத்து வாங்கிய இளம் அதிகாரி, உங்கள் கணவர் நன்றாகச் சுடுவாரா என்று மலாயில் மரியாதையாகக் கேட்டார். ஒரு தடவைகூட அவர் குறி தப்பியதில்லை என்று அம்மாவும் மலாயிலேயே சொன்னார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

காரில் ஏறியதும், "ஏம்மா அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"அன்னைக்கு அத்தன பேரு முன்னால தன் மானத்தப் பாக்காம என் கையில குடுத்தாரு. இன்னைக்கு நான் அவர விட்டுக் குடுப்பேனா?" என்றார். ஈப்போ வரும்வரை அழுதுகொண்டே வந்தார்.