எங்கட ஆளிடம் வாங்கிய சிவப்புக் கார்

மொன்ட்ரியாலில் கார்த்திகை பிறந்தால் வீடுகளின் முன்னால் வெள்ளைப் பிளாஸ்டிக் கூடாரங்கள் முளைத்துவிடும். வந்த புதிதில் அவற்றைப் பார்த்துவிட்டு, இந்தக் குளிரில் யார் வெளியே பந்தல் போட்டுக் கலியாணம் செய்கிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, உள்ளே இருப்பது கார். அதிலும் சில, கோடைக்கு மட்டும் ஓடுகிற கார்கள். பற்றரியைக் கழற்றி, மேலே போர்வை போர்த்தி, பனி முடியும் வரைக்கும் நித்திரை கொள்ள விட்டுவிடுவார்கள். எங்கள் கீழ்வீட்டு ஜினெத், பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற வெள்ளைக்காரப் பெண்மணி, சித்திரையில் முதல் வெயில் பட்டதும் தன் பழைய நீலக் காரை வெளியே எடுத்துப் பிள்ளையைக் குளிப்பாட்டுவது மாதிரிக் குளிப்பாட்டுவார். நாங்கள் இடம்பெயர்ந்து கிடந்த காலத்தில் ஒரு குடும்பத்துக்குக் கூரையாகக் கட்ட ஒரு தறப்பாள் கிடைத்தாலே பெரிய காரியம். இங்கே காருக்குத் தனிக் கூடாரம். எனக்குக் கோபம் வந்தது. கூடவே ஆசையும் வந்தது. கோபத்தை எல்லோருக்கும் சொன்னேன், ஆசையைச் சொல்லவில்லை.

நான் இல்-பிசாரில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அந்தத் தீவில் பெரிய பெரிய வீடுகளும் நிறைய மரங்களும் உண்டு, பஸ்தான் இல்லை. மொன்ட்ரியால்-நோரில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து பஸ் எடுத்து, மெத்ரோ பிடித்து, இன்னொரு பஸ்ஸுக்குக் காத்து நின்று அங்கே போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். ஆகவே கார் வாங்குவதில் வீட்டில் சண்டை இல்லை. என்ன கார் என்பதில்தான் சண்டை. என் கணவர் சாம்பல் நிறத்தில், நாலு கதவும் பின்னால் அரிசி மூடை வைக்க இடமும் உள்ள ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்குச் சிவப்பு வேண்டும். கூரையைத் திறந்து மூடக்கூடியதாக வேண்டும். இரண்டே இரண்டு சீட் வேண்டும்.

"ஐம்பத்துநாலு வயசில உமக்கு ஸ்போர்ட்ஸ் காரே?" என்றார் அவர். "பனிக்கு என்ன செய்யப்போறீர்?"

"பனிக்கு பஸ்ஸில போறன். வெயிலுக்குக் காரில போறன்."

அவருக்கு இது விளங்கவில்லை. வாழ்நாள் முழுக்க நான் பின்சீட்டில் இருந்தவள். மடியில் யாருடையதோ பிள்ளை, காலடியில் யாருடையதோ பை. கோயிலுக்குப் போனாலும் கொண்டாட்டத்துக்குப் போனாலும் வழியில் நாலு பேரை ஏற்றி, திரும்பும்போது ஐந்து பேரை இறக்கிப் பழகிய குடும்பம் எங்களுடையது. இரண்டு சீட் கார் என்றால் யாரும் வந்து ஏறமுடியாது. அது சுயநலம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கோயிலில் யாரோ சொல்லித்தான் சிவநேசனிடம் போனோம். பழைய கார்களை வாங்கித் திருத்தி விற்கிறவர், எங்கள் பக்கத்துத் தெருவில் கராஜ் வைத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். வாசலிலேயே நின்றது அது. நான் நினைத்த அதே சிவப்பு. ஆனால் எங்கள் ஆட்கள் முதலில் காரைப் பார்ப்பதில்லை. சிவநேசன் உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணி தந்து, "ஊரில எவடம்?" என்று தொடங்கினார். எவடம் என்பதிலிருந்து எந்தப் பள்ளிக்கூடம், எந்த ஒழுங்கை, ஆருடைய மகன், ஆரைக் கட்டினது என்று போய், கடைசியில் அவருடைய மாமா என் கணவருக்குக் கணக்குப் படிப்பித்தவர் என்ற இடத்தில் வந்து முட்டியது. அவ்வளவுதான். கணவரின் முகம் மலர்ந்துவிட்டது. மாமாவின் அடியைப் பற்றி இருவரும் சிரித்துச் சிரித்துக் கதைத்தார்கள். அதற்குப் பிறகு எழும்பிப் போய், "இந்தக் கார் எங்கேயாவது அடிபட்டதோ? ஆதாரம் காட்டும்" என்று கேட்பது எப்படி? மாமாவின் முகத்தில் அறைந்த மாதிரி இருக்காதா? நாங்கள் கேட்கவில்லை, அன்றே வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

அன்று பின்னேரம் ஜினெத் கேட்டார், "இதனுடைய பூர்வீகத்தை விசாரித்தீர்களா?" 

"விசாரித்தோம். நல்ல குடும்பம். மாமா வாத்தியார்" என்றேன் என் பிரெஞ்சில், பெருமையாக.

ஜினெத் என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "காருக்கு மாமாவா?" என்றார். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. பாவம், இவர்களுக்கு மனிதர்களைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு படியேறிப் போனேன். இன்றைக்கு அதை நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. காரை என் பெயருக்கு மாற்றும்போது தந்த பத்திரத்தில் 'ரெகோன்ஸ்த்ருவி' என்று ஒரு சொல் இருந்தது. மீளக் கட்டப்பட்டது என்று அர்த்தம். எனக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியும், வாசித்தேன். "தம்பி, இது என்ன?" என்று கேட்டும் விட்டேன். "அது அக்கா, பெயின்ற் அடிச்சு வேலை செய்த காருகளுக்கு எல்லாம் அப்பிடித்தான் போடுறவங்கள்" என்றார் சிவநேசன். ஒரு நாட்டின் அரசாங்கம் அச்சடித்துத் தந்த சொல் ஒரு பக்கம், எங்கட ஆள் வாயால் சொன்ன சொல் மறுபக்கம். நான் எங்கட ஆளை நம்பினேன்.

சில வாரங்கள் சொர்க்கம். கூரையைத் திறந்துவிட்டு ஆற்றங்கரை வீதியால் வேலைக்குப் போவேன். தலைமயிர் கலைந்துபோகும், கலையட்டும் என்று விடுவேன். இல்லத்திலிருக்கும் கிழவர்கள் ஜன்னலால் எட்டிப் பார்த்துக் கை காட்டுவார்கள். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடினேன், அவளும் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டு வந்தாள். கார் இடது பக்கம் இலேசாக இழுத்தது. புதுக் கை, பழகிவிடும் என்று நினைத்தேன்.

பிறகு இன்சூரன்ஸ்காரி தொலைபேசியில் கூப்பிட்டாள். மிகவும் மரியாதையாகச் சொன்னாள். மதாம், இந்த வாகனம் பெரிய விபத்தில் சிக்கி, திருத்துவதில் பயன் இல்லை என்று முன்பு ஒரு கம்பனியால் கைவிடப்பட்டது. சல்வேஜ். பிறகு யாரோ வாங்கி மீளக் கட்டியிருக்கிறார்கள். உங்களுக்கு முழுக் காப்புறுதி தரமுடியாது. தெரிந்துதானே வாங்கினீர்கள்? நான் போனை வைத்துவிட்டுக் கீழே ஜினெத்திடம் போனேன். ஜினெத்தின் தம்பியுடைய கராஜில் காரைத் தூக்கிப் பார்த்தபோது இன்னும் தெளிவானது. முன்பாதி ஒரு காருடையது, பின்பாதி இன்னொரு காருடையது. ஒட்டிய இடத்தில் துரு ஏறி வெடிப்பு விட்டிருந்தது. இனி இதை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள் என்றார் அவர். நான் மகளின் பாட்டை நினைத்தேன்.

ஒட்டுப் போட்ட வாகனம் என்பதற்காக நான் கோபப்படவில்லை, இதை வாசிக்கிறவர்கள் விளங்கிக்கொள்ளவேண்டும். ஒட்டுப் போட்ட வாகனங்களில் வளர்ந்தவள் நான். பெற்றோல் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு துளி பெற்றோல் விட்டுச் சத்தம் எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, ஊர் முழுக்கப் புகையடித்துக்கொண்டு ஓடும். எங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போன வாடகைக் காரின் கதவு கயிற்றால் கட்டியிருந்தது. ஏறும்போதே சாரதி சொன்னார், "பிள்ளை, அந்தப் பக்கம் சாயாதேங்கோ, கதவு கழண்டிடும். பிரேக்கும் கொஞ்சம் பிந்தித்தான் பிடிக்கும், பயப்பிடாதேங்கோ." காரின் எந்தத் துண்டு எதிலிருந்து வந்தது என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். நான் கதவுப் பக்கம் சாயாமல் இருந்தேன். உயிரோடு போய்ச் சேர்ந்தோம். சொல்லிவிட்டால் போதும், சாயாமல் இருந்துகொள்ளலாம். அந்த ஒன்றைத்தானே சிவநேசன் செய்யவில்லை!

கராஜுக்குப் போய் நேரே கேட்டேன். காரைத் திருப்பி எடும், இனி வாங்குகிறவர்களுக்கு உண்மையைச் சொல்லி வில்லும், இது இரண்டும்தான் நான் கேட்பது என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"என்ன அக்கா, அடிபட்ட கார் எண்டா ஓடாதே? நாங்களும் அடிபட்டு வந்த ஆக்கள்தானே. எங்களையும் ஒட்டித்தானே இந்த நாடு வச்சிருக்குது."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இப்படி ஒரு வசனத்தை எந்த மேடையிலாவது சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பார்கள். நாங்கள் அடிபட்டு வந்தவர்கள்தான். ஆனால் அதை மறைத்துக்கொண்டா வந்தோம்? அகதி விசாரணையில் முன்பின் தெரியாத ஒருவருக்கு முன்னால், எங்கே எப்போது யாரால் அடிபட்டோம் என்று ஒன்றும் விடாமல் சொன்னோம். சொல்லி முடித்து வெளியே வந்து கழிவறையில் சத்தி எடுத்தேன் நான். முழுவதையும் சொன்னதால்தான் இருக்க இடம் தந்தார்கள். அந்த வேதனையை எடுத்துத் தன் துருப்பிடித்த ஒட்டுக்கு மேலே பெயின்ற் மாதிரிப் பூசுகிறார் இந்த மனிதர்.

"தம்பி, அந்தக் கதையை வேற ஆருக்கும் சொல்லும்" என்றேன். "காரைத் திருப்பி எடும்."

"பேந்து பாப்பம் அக்கா" என்றார். பிறகு என்று சொன்ன அந்தப் பேந்து வரவே இல்லை.

சிறு வழக்குகளைப் பார்க்கும் நீதிமன்றத்தில் முறைப்பாடு செய்தேன். அடுத்த வாரமே தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிட்டது. கோயிலில் கூடப் பூக்கட்டுகிறவள் கேட்டாள், "வெள்ளையளிட்டைப் போய் எங்கட பெடியனைக் காட்டிக் குடுக்கிறதே அக்கா?" காட்டிக்கொடுப்பது! அந்தச் சொல்லுக்கு எங்கள் மண்ணில் என்ன கனம் என்று தெரிந்தவர்கள் அதை இவ்வளவு மலிவாக எடுத்து வீசலாமா? அந்தச் சொல்லின் பெயரால் எங்கள் ஒழுங்கையில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். ஏமாற்றினவன் எங்கட பெடியன், ஏமாந்தவள் மட்டும் யாருடையவள்? என் கணவரும் சேர்ந்துகொண்டார். "மாமா இருந்திருந்தால் எவ்வளவு கவலைப்படுவார்" என்றார். "மாமாவின்ரை கணக்கை மாமா பார்ப்பார், என்ரை மகள் அந்தக் காரில இருந்தவள்" என்றேன்.

வழக்கு நீதிபதியிடம் போகுமுன் சமரசம் பேசிப் பார்க்க அழைத்தார்கள். ஒரு சின்ன அறை, நடுவில் மேசை. ஒரு பக்கம் நான், மறுபக்கம் சிவநேசன். மேசையின் தலைப்பக்கம் சமரசம் செய்கிற பெண் வழக்கறிஞர். வெள்ளைச் சட்டையை மினுக்கிப் போட்டு, நெற்றியில் திருநீறு பூசி வந்திருந்தார் சிவநேசன். மொழிபெயர்க்க என்று அவர் கூட்டி வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. சிவநேசனுடைய பிரெஞ்சு போன்ஷூரோடும் மெர்சியோடும் முடிந்துவிடும். இங்கிலீசும் காரின் உறுப்புகளைத் தாண்டாது. வழக்கறிஞர் நாளைத் தள்ளிவைக்கப் போனபோது சிவநேசன் என்னைப் பார்த்தார். "நீங்களே சொல்லிவிடுங்கோ அக்கா. நீங்கள் மாத்திச் சொல்லமாட்டியள்" என்றார்.

யாருக்கு எதிராக வந்தேனோ அவரே என்னை நம்புகிறார். நான் அதைப் பிரெஞ்சில் சொன்னேன். வழக்கறிஞர் ஆச்சரியப்பட்டு, இரண்டு பேருக்கும் சம்மதமா என்று கேட்டுவிட்டு, சிவநேசனுக்குக் கேட்க வசதியாக என்னை அவர் பக்கத்துக் கதிரையில் வந்து இருக்கச் சொன்னார். எழும்பிப் போய் இருந்தேன்.

கார் விபத்தில் சிக்கியது விற்கும்போது தெரியுமா என்பது முதல் கேள்வி. தமிழில் கேட்டேன். "தெரியாமல் வித்தனான் எண்டு சொல்லுங்கோ" என்றார் மேசையைப் பார்த்துக்கொண்டு. அந்தப் பொய்யை ஒரு எழுத்தும் குறையாமல் என் வாயாலேயே பிரெஞ்சில் சொன்னேன். நாக்குக் கசந்தது. அதற்கு உங்கள் பதில் என்ன மதாம் என்றார் வழக்கறிஞர்.

"பொய் சொல்கிறார்" என்றேன் பிரெஞ்சில். கொஞ்சமும் தயங்கவில்லை. சிவநேசன் விளங்காமல் மரியாதையாகத் தலையாட்டினார்.

"இப்போது அதை அவருக்கு அவருடைய மொழியில் சொல்லுங்கள்" என்றார் வழக்கறிஞர்.

எத்தனை மாதமாகச் சிவநேசனை மனதுக்குள் திட்டியிருக்கிறேன், வீட்டில் கத்தியிருக்கிறேன். பக்கத்தில் தோளோடு தோள் முட்ட இருந்துகொண்டு, அக்கா என்று கூப்பிட்டவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. தண்ணீர் குடித்தேன். பிறகு சொன்னேன்.

"தம்பி, நீர் பொய் சொல்லுறீர்."

அவருடைய கண் கலங்கியது. குரல் வெளியே வராமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஓம் அக்கா, தெரியும்" என்றார்.

வழக்கறிஞர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அவர் என்ன சொன்னார்?"

அது எனக்குச் சொன்னது. எங்கள் மொழியில், எங்களுக்குள் சொன்னது. ஆனால் என் மகள் நெடுஞ்சாலையில் அந்தக் காருக்குள் இருந்தாள். "தெரியும் என்று சொன்னார்" என்றேன் பிரெஞ்சில். என் குரல் உடைந்துவிட்டது. சிவநேசன் தலையைக் குனிந்தபடி தன் முன்னால் இருந்த தண்ணீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். எதிர்ப்பக்கத்தில், முறைப்பாடு செய்தவளுக்கு என்று போட்டிருந்த கதிரையில், என் கைப்பை மட்டும் இருந்தது.