எதிரே போட்ட ஸ்டூல்

"யாரும் எறங்காதீக ஆத்தா. லோடு கொறஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டே வீரையா தன்னுடைய நீல பிளாஸ்டிக் ஸ்டூலை ஜீப்புக்கு எதிரே, சுவரோரமாகப் போட்டு உட்கார்ந்தார். பொழுது சாய்ந்துவிட்டது. ஜீப்புக்குள் ஏலக்காய்த் தோட்டத்துப் பெண்கள் முழங்காலோடு முழங்கால் இடிக்க நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். விடியுமுன் போடிமெட்டு மலை ஏறிப் போய்விட்டு இப்போதுதான் இறங்கி வந்தவர்கள். இனிமேல்தான் வீட்டில் உலை வைக்க வேண்டும்.

"மனுசியள மூட்டையாக்கிட்டீகளேண்ணே!" என்று உள்ளேயிருந்து சுப்புத்தாய் சத்தம் போட்டார்.

"மூட்டைன்னா பேசாம இருக்கும் ஆத்தா. நீ அதுக்கும் லாயக்கில்ல" என்றார் வீரையா.

போடியில், முந்தல் சாலையில் இருக்கிற தகரக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. வண்டிகளுக்கு எலெக்ட்ரிக் வேலை. இந்தக் காலத்தில் எல்லாருக்கும் வெள்ளை வெளிச்சம் வேண்டும். "ரோடு பகல் மாதிரி இருக்கணும்ணே" என்று புது பல்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். "ஒனக்குப் பகலு, சரி. எதிர வர்றவனுக்கு?" என்பார் வீரையா. அந்த விளக்குக் கூட்டுக்கு அந்த பல்பு ஒத்துவராது, வெளிச்சம் சிதறும் என்று பட்டால் எவ்வளவு கெஞ்சினாலும் மாட்ட மாட்டார். மாட்டினாலும் அத்தோடு விட மாட்டார். "பல்ப மாத்துறது ஒரு சோலியா? அத குனிய வைக்கிறதுதான் சோலி."

குனிய வைப்பதற்குத்தான் அந்த ஸ்டூல். அதில் உட்கார்ந்தால், எதிரே காரில் வருகிறவரின் கண் எவ்வளவு உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்கு அவருடைய கண் வந்துவிடும். டிம் லைட்டைப் போடச் சொல்லுவார். வெளிச்சம் அவருடைய நெஞ்சுக்குக் கீழே நின்றால் வண்டி போகலாம். முகத்தில் அடித்தால் திருப்புளியை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

வண்டியில் எப்போதும் ஏறுகிற பாரம் ஏறியிருந்தால்தான் இந்தச் சோதனை நடக்கும். என் காருக்கு விளக்கு மாற்றப் போன அன்று, பின்சீட்டுக்கு ஆள் தேடி அக்கம்பக்கம் பார்த்தவர், பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "வேற ஆளு எதுக்கு? நீங்களே ரெண்டாளு இருக்கீக, ஏறுங்க" என்றார். அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடிக்கும்.

இந்தப் பழக்கம் வந்த கதையை அவர் சொல்ல மாட்டார். மனைவி சந்திரவல்லிதான் சொன்னார். சந்திரவல்லியும் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். சின்ராசுவின் ஜீப்பில்தான் தினமும் போக்குவரத்து. அந்த ஜீப்புக்குப் புது விளக்கு மாட்டி, காலி வண்டியாகவே நிறுத்தி அளவு பார்த்து அனுப்பினார் வீரையா. மலையில் பனி இறங்கிய ஒரு சாயங்காலம், மனைவிக்கு ஸ்வெட்டர் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று மொபெட்டில் ஏறிப் போயிருக்கிறார். வளைவில் ஒரு ஜீப் திரும்பியது. கண்ணை வெளிச்சம் அடைத்தது. மொபெட்டோடு போய்ப் பள்ளத்தில் விழுந்தார். "எந்த மடப்பயடா இந்த லைட்ட வச்சது?" என்று அங்கிருந்தே கத்தினார். ஜீப்பிலிருந்து குதித்து ஓடிவந்த சந்திரவல்லி, "நீங்கதான்" என்றாராம்.

பின்னால் ஆள் ஏறினால் ஜீப்பின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். விளக்கும் கூடவே நிமிர்ந்துவிடும். அதற்குப் பிறகு காலி வண்டிக்கு அவர் அளவு பார்த்ததே இல்லை.

ஆனால் கொஞ்ச நாளாகச் சின்ராசு வேறொரு புகாரோடு வந்துகொண்டிருந்தார். "வெளிச்சத்த ரொம்ப எறக்கிட்டீகண்ணே. வளைவுல ஓரக் கல்லே தெரிய மாட்டேங்குது." போடிமெட்டுச் சாலையில் ஓரக் கல் தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்; கல்லுக்கு அந்தப் பக்கம் கிடுகிடு பள்ளம். அதைச் சரி பார்க்கத்தான் அன்று ஆட்களோடு ஜீப் வந்து நின்றது. நானும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எறக்கு" என்றார் வீரையா, கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு. "இன்னுங் கொஞ்சம்."

விளக்கின் பக்கம் குனிந்து திருகிக்கொண்டிருந்த சின்ராசு திருப்புளியை நிறுத்தினார். "இதுக்கு மேல எறக்குனா டயருதாண்ணே தெரியும்."

"எனக்குக் கூசுதுப்பா."

நான் மெல்ல அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, என் தலையை அவர் தலைக்குச் சரியாக வைத்துப் பார்த்தேன். எனக்குக் கூசவில்லை. வெளிச்சம் அவருடைய இடுப்புக்குக் கீழே கிடந்தது. நிமிர்ந்து ஜீப்பைப் பார்த்தேன்.

சந்திரவல்லி ஜீப்புக்குள்ளிருந்தே சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை, சாதாரணமாகத்தான் சொன்னார். "வீட்டு டியூப்லைட்டுக்கே கைய வச்சு மறைக்கிறீக. கண்ணுல பொறை விழுந்திருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போவோம்னா சோலி கெடக்குங்கிறீக. விடிஞ்சா நாங்க இந்த வண்டிலதான ஏறணும்?"

 வீரையா தோள் துண்டால் கண்களை மாற்றி மாற்றித் துடைத்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மற்றதை மூடிப் பார்த்தார். எனக்கு அந்த இடத்தை விட்டுப் போய்விடலாம் போலிருந்தது. ஊரில் ஒருவர் கண்ணும் கூசக் கூடாது என்று உட்கார்ந்தே பழகிய மனிதர் அவர்.

பிறகு எழுந்தார். துண்டால் ஸ்டூலை ஒரு தட்டுத் தட்டினார். "வல்லி, எறங்கி வா. வந்து இதுல ஒக்காரு."

"லோடு கொறஞ்சிருமேண்ணே" என்றார் சின்ராசு.

வீரையா ஜீப்பின் பின்பக்கம் போனார். சந்திரவல்லி இறங்கியதும், கம்பியைப் பிடித்து ஏறி அந்த இடத்தில் உட்கார்ந்தார். பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

சந்திரவல்லி ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, வெளிச்சத்தை நேராகப் பார்த்தார். "ஏத்து சின்ராசு" என்றார். "இன்னுங் கொஞ்சம் ஏத்து."

ஜீப்புக்குள் வீரையா, மனைவியின் சோற்றுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, மூட்டை மாதிரி பேசாமல் உட்கார்ந்திருந்தார்.